உபதேசியாரும் தூரத்துச் சொந்தங்களும்

போன வாரம் நாகர்கோயில் வடசேரிச் சந்தைக்குக் கத்திரிக்காய் வாங்கப் போனவள், ஒரு வாசத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மூலையில் ஓர் அம்மாள் சாக்கை விரித்து அயனிச்சக்கை குவித்து வைத்திருந்தாள். பலாவின் குட்டித் தங்கைபோல, கைக்குள் அடங்குகிற பழம். மேலெல்லாம் முள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னச் சுளை. அதை இப்போது யார் வாங்குகிறார்கள் என்று தெரியவில்லை. நான் இரண்டு வாங்கினேன். கத்திரிக்காயை மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மகள், "என்னம்மா இது, கொரங்கு திங்குததெல்லாம் காசு குடுத்து வாங்கிட்டு வாற?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் வாங்கினேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்லலாம்.

பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், மலையடிவாரத்தில், அந்தக் காலத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. லேப் டெக்னீசியன் படிப்பை முடித்த கையோடு எனக்கு அங்கே வேலை கிடைத்தது. லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பிரிட்ஜ், ஒரு நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே மூன்று அயனி மரங்கள். அந்த மரங்களில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. பழக்காலத்தில் அவை சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை ஓட்டின்மேல் துப்பும். டப், டப் என்று நாள் முழுக்க விழுந்துகொண்டிருக்கும். மழை வருவதற்கு முன்னால் முதல் நாலு துளி விழுமே, அந்தச் சத்தம். மத்தியானத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி நான் எத்தனையோ தடவை தூங்கியிருக்கிறேன். அந்த நாட்களை நினைத்தால் நடந்ததா கனவா என்று இப்போதும் ஒரு மயக்கம் வருகிறது. வெயில், ஸ்பிரிட் வாசம், பழ வாசம், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு கை.

அந்தக் கையைத்தான் மறக்க முடியவில்லை. ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். கருத்த சின்னக் கை. நகம் இருந்தது, நகத்தடியில் அழுக்கு இருந்தது. உள்ளங்கையில் ரேகை ஓடியது. தினமும் மனிதர்களின் மோதிர விரலைப் பிடித்துத் துடைத்துக் குத்துகிறவள் நான். அந்த விரலைப் பார்த்ததும் என் கை தானாகப் பஞ்சை எடுக்கப் போகும். பிறகுதான் சுதாரித்துக்கொள்வேன்.

குத்துவது என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஊர் ராஜாக்கமங்கலம். படிக்கிற காலத்தில் பழகுவதற்கென்று வீட்டுக்கு வருகிறவர்களின் விரலையெல்லாம் குத்தித் தீர்த்தேன். என்னைக் கண்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். தப்பிக்க முடியாமல் மாட்டியவர் சூசையண்ணன். பக்கத்து மீன்பிடித் துறையில் கட்டுமரம் வைத்திருந்தவர். மீன் கூடுதலாகப் பட்ட நாட்களில் சைக்கிளில் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் விற்பார். அம்மா மீன் பார்க்கும் நேரத்தில் நான் அவர் விரலைப் பார்த்துவிடுவேன். ரத்தத்தை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்து, குப்பியிலிருக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டுக் கலக்கினால், குரூப் பொருந்துகிற இடத்தில் திரிந்த பால்போலத் திப்பி திப்பியாகக் கட்டும். அவர் ரத்தம் எதிலும் கட்டவில்லை. மருந்து கெட்டுவிட்டதென்று நினைத்து மறுநாளும் குத்தினேன். அடுத்த வாரமும் குத்தினேன்.

"ஏன் பிள்ளே, எனக்க வெரல்ல என்ன தேனா வடியுது?" என்றார்.

மருந்து கெடவில்லை. அவருக்கு ஓ நெகட்டிவ். அதுவரை நான் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த குரூப்.

ஆஸ்பத்திரிக்குக் காலையும் மாலையும் ஜெபம் நடத்த ஓர் உபதேசியார் வருவார். ஞானமுத்து உபதேசியார். உயரமான மனிதர். வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் குடை, வெண்கல மணி போன்ற குரல். அவருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவர்கள். இரண்டாவது, அயனி மரத்துக் குரங்குகள். முதல் எதிரிகளைப் பிரசங்கத்தில் கவனித்துக்கொள்வார். "ஒங்க தாத்தாவுக்கு வால் இருந்துதா? இருந்தா கையத் தூக்குங்க" என்று கேட்டு, தானே குரங்குபோல விலாவைச் சொறிந்து காட்டுவார். வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள் தையல் பிரிந்துவிடும்போலச் சிரிப்பார்கள். இரண்டாவது எதிரிகளைக் கல்லால் கவனிப்பார். அவர் குடையை ஒருதடவை மரத்துக்குக் கொண்டுபோய் விரித்தே காட்டியவை அவை.

அவருக்கு ஒரே மகள், எஸ்தர். எஸ்தரக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். மாப்பிள்ளைக்கு சவுதியில் வேலை. முதல் பிள்ளை வீட்டிலேயே சுகமாகப் பிறந்தது. இரண்டாவது பிள்ளை உடம்பெல்லாம் நீர்கோத்து, வயிற்றிலேயே இறந்து பிறந்தது. மாப்பிள்ளை வீட்டில் அதற்குப் பல காரணம் சொன்னார்கள். கடைசியில் ராசியில்லாதவள் என்பதில் வந்து நின்றார்கள். உபதேசியார் வீட்டு மகளை அப்படிச் சொல்வார்களா என்று கேட்காதீர்கள். எல்லா வீட்டிலும் சொல்வார்கள். உபதேசியாரே, தான் எங்கேயோ கர்த்தருக்கு முன்பாகத் தவறிவிட்டதாக எண்ணி வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தார்.

மூன்றாவது உண்டானபோதுதான் எஸ்தரக்கா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா முதல் காரியமாக ரத்தம் பார்க்கச் சொன்னார். அவர் கோட்டயம் பக்கத்துக்காரர், மலையாளம் கலந்த தமிழ். ஓட்டில் வைத்துக் கலக்கினேன். எதிலும் கட்டவில்லை. இந்தத் தடவை மருந்தைச் சந்தேகப்படவில்லை.

ரிப்போர்ட் வாங்க உபதேசியாரே வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஓ குரூப்பு, சரி. அதென்ன மக்களே, ஆர்.எச். நெகட்டிவ்?"

எனக்கு இருபத்திரண்டு வயசு. படித்தது அப்படியே நாக்கில் இருந்தது. "ரீசஸ்னு அர்த்தம் உபதேசியாரே. அது ஒரு கொரங்குக்க பேரு."

அவர் என்னையும் பார்த்தார், ஜன்னலையும் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தாய்க்குரங்கு கம்பியைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தது.

"கொரங்கா?"

"நம்ம ஊர்க் கொரங்கில்ல, வடக்க உள்ளது" என்றேன், அது ஏதோ ஆறுதல்போல. பிறகு தெரிந்த மட்டும் விளக்கினேன். அந்தக் குரங்கின் ரத்தத்தை முயலுக்குச் செலுத்தினார்கள். முயலின் உடம்பில் அதற்கு எதிராக ஒன்று உண்டாயிற்று. அதை எடுத்து மனித ரத்தத்தில் விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களின் ரத்தம் குரங்கின் ரத்தம் கட்டியதுபோலவே கட்டியது. குரங்கிடம் உள்ள ஏதோ ஒன்று நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இருக்கிறது. இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இரண்டும் அச்சு அசல் ஒன்றல்ல என்று பிற்பாடு கண்டுபிடித்தார்களாம். அதற்குள் பேர் ஒட்டிக்கொண்டது.

 உபதேசியார் குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் டாக்டரம்மா அவரை உட்காரவைத்துப் பேசினார். நானும் இருந்தேன். தாய்க்கு இல்லாத அந்த ஒன்று, தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு வந்திருக்கிறது. பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயோடு கலக்கும்போது, தாயின் ரத்தம் அதை அந்நியன் என்று நினைத்து எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. முதல் பிள்ளை தப்பிவிடும். அடுத்தடுத்த பிள்ளைகளைத்தான் அது தாக்கும். முதல் பிரசவத்தோடு ஓர் ஊசி போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். இப்போது அந்த ஊசியால் பயனில்லை. பிள்ளை பிறந்ததும் அதன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு நெகட்டிவ் ரத்தத்தை ஏற்ற வேண்டும்.

"அப்போ எனக்க மக மேல குத்தமில்ல?"

"ஆர் மேலயும் குற்றமில்லா."

உபதேசியார் ஜிப்பாக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அதையும் விடாமல், "ஆனா அந்தக் கொரங்கு விசயம்..." என்று இழுத்தார்.

டாக்டரம்மா சிரித்தார். "உபதேசியாரே, குரங்கில் இருந்து நம்ம வந்ததில்ல. அதுக்கும் நமக்கும் பண்டு ஒரே பூட்டன். மரத்தில் இருக்கிறது தூரத்துச் சொந்தம். ஆப்பிரிக்காவில் வாலில்லாத சிம்பன்சி உண்டல்லோ, அதுதான் அடுத்த சொந்தம், சித்தப்பா பிள்ள போல. அதுக்கு ஏ குரூப்பும் ஓ குரூப்பும் கூட உண்டு."

"அப்போ கல்யாணம் காட்சிக்கு விளிச்சுச் சொல்லணும்னு பறயுங்க!"

"விளிக்காமலே தினம் வருதே, என்ட ரொட்டி எடுக்க!"

உபதேசியார் சிரிக்கவில்லை. நேராக லேபுக்கு வந்து ஜிப்பாக் கையைச் சுருட்டினார். "எனக்க ரெத்தத்த எடு மக்களே. எனக்க பேரப்பிள்ளைக்கு நான் குடுக்கேன்." விரலைக் குத்தி ஓட்டில் வைத்தேன். ஆர்.எச். பார்க்கிற மூன்றாவது சொட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அழகாகத் திப்பி திப்பியாகக் கட்டியது.  எனக்கு வந்தது வருத்தமா சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

"ஒங்களுக்கு பாசிட்டிவ், உபதேசியாரே."

"அப்படீன்னா?"

"அந்த... கொரங்குக்க சங்கதி ஒங்ககிட்ட உண்டு. எஸ்தரக்காகிட்டதான் இல்ல."

அவர் என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.  கூரையில் கொட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. அன்றுதான் நான் சூசையண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

அடுத்து ஊருக்குப் போனபோது சூசையண்ணனிடம், ரத்தம் தருவாரா என்று கேட்டேன். "குத்துனா போராதுன்னு இப்ப குடிக்கவும் போறியா?" என்றார். பிறகு, பிள்ளைக்கு என்றதும் வேறு எதுவும் கேட்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடலாமா என்றும் டாக்டரம்மாவுக்கு ஒரு யோசனை இருந்தது. அதற்குள், நாள் இருக்கும்போதே, எஸ்தரக்காவுக்கு வலி கண்டுவிட்டது.

விடிந்ததும் விடியாததுமாக நானும் உபதேசியாரும் பஸ் ஏறினோம். எனக்குத்தான் வீடு தெரியும். வடசேரியில் பஸ் மாறி, துறையில் போய் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சூசையண்ணன் கடலில் இருந்தார். மனைவி லூர்தம்மாள் கரையைக் காட்டினாள். மணலில் போய் நின்றோம். உபதேசியார் அதுவரை துறைக்கு வந்ததே இல்லையாம். நம் மாவட்டத்தை உங்களுக்குத் தெரியுமே. இரண்டு பக்கமும் கும்பிடுவது ஒரே சாமிதான் என்றாலும், துறைக்காரர்களின் கத்தோலிக்கக் கோயில் வேறு, உபதேசியாரின் மிஷன் கோயில் வேறு. மீன் மட்டும்தான் இரண்டு பக்கமும் போய்வரும். வெள்ளை ஜிப்பாவும் குடையுமாக அவர் நிற்பதைப் பார்த்து வலை உதறுகிற பெண்கள், "இவிய ஆரு?" என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு முன்னால் அவரே சொன்னார்: "சூசைக்க சொந்தக்காரன்."

பொய் சொல்லாத மனிதர். அதனால் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணெல்லாம் கடலில் இருந்தது.

கட்டுமரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது அவர் ஓரடி தண்ணீருக்குள் இறங்குவார். கடைசியாக வந்தவர்களில் ஒருவராகச் சூசையண்ணன் வந்தார். எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கட்டுமரத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டுத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்தார். "போலாம்" என்றார்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். லூர்தம்மாள் மரச்சீனிக்கிழங்கும் சாளைக் குழம்பும் வைத்தாள். சூசையண்ணன் சாப்பிட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் உபதேசியார் முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்த நடை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. லூர்தம்மாள் அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவர் எங்கேயும் கை நனைக்க மாட்டார், பிரசித்தம். நான் ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார். பசிதான். மனுஷன் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் தின்றிருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். உப்பும் மீனும் வீசுகிற சட்டையில் சாய்ந்து உபதேசியார் தூங்கிப்போனார். சூசையண்ணன் தோளை அசைக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாழைத்தோட்டம், குளம், ரப்பர் தோட்டம், தூரத்தில் மலை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்திருந்தது. பெண். மெலிந்து, மஞ்சளாக, அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பிள்ளையைத் தாக்குவது தாயின் ரத்தத்தில் உள்ளதுதான் என்பதால், நான் சூசையண்ணனின் ரத்தத்தை எஸ்தரக்காவின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல், அமைதியாக மிதந்துகொண்டிருந்தன. எங்கேயும் ஒட்டவில்லை. "சேரும்" என்று கத்தினேன். சத்தம் கேட்டு ஜன்னல் குரங்கு மரத்துக்கு ஒரே சாட்டமாகச் சாடியது.

டாக்டரம்மா தொப்புள்கொடி வழியாகக் கொஞ்சம் எடுப்பார், கொஞ்சம் ஏற்றுவார். எடுப்பார், ஏற்றுவார். அவ்வளவு பொறுமையான வேலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மத்தியானமெல்லாம் நடந்தது. உபதேசியார் வெளியே அயனி மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால், தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தாய், குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, வயிற்று மயிரை விலக்கி விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி காலை உதைக்கும். தாய் ஒரு கையால் காலைப் பிடித்து அமுக்கிவிட்டு வேலையைத் தொடரும். எஸ்தரக்கா மூத்த பிள்ளைக்குத் தலை சீவிவிடுவதும் இப்படித்தான்.

ரத்தம் கொடுத்துவிட்டுச் சூசையண்ணனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்குக் காப்பியும் பன்னும் கொண்டுவந்து கொடுத்தேன். பன்னை வாய்க்குக் கொண்டுபோகும்முன் மரத்திலிருந்து ஒரு தடியன் இறங்கி, சாவகாசமாக அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டது. சூசையண்ணன் கல்லைத் தேடிக் குனிந்தார்.

உபதேசியார் அவர் கையைப் பிடித்தார். "விடும் தம்பி. சொந்தக்காரன்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிக்கிறவர் சிரிப்பு, நடுவில் உடைந்துபோயிற்று. சூசையண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்போது உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. மெல்லிசான, கோபமான அழுகை. மூன்று பேரும் எழுந்துவிட்டோம்.

பிள்ளைக்கு ஜோஸ்பின் என்று பேர் வைத்தார்கள். சூசை என்றாலும் ஜோசப் என்றாலும் ஒன்றுதானே, ஜோஸ்பின் அதன் பெண்பால். மாப்பிள்ளை வீட்டார் ராசியைப் பற்றி அப்புறம் பேசவில்லை. உபதேசியார் குரங்குப் பிரசங்கத்தை நிறுத்திவிட்டார். வார்டில் ஒரு கிழவர், "ஓய், அந்தக் கொரங்கு மாரி சொறிஞ்சு காட்டும்" என்று வற்புறுத்தியபோது, "ஆதாம் மண்ணுல இருந்து வந்தான்னுதான் நானும் சொல்லுகேன். மண்ணவிடக் கொரங்கு என்ன கேவலமா?" என்றாராம். மனிதன் எப்படி வந்தான் என்பதில் அவர் கட்சி மாறினாரா என்று எனக்குத் தெரியாது. கல் எறிவதை விட்டார், அது தெரியும்.

கிறிஸ்துமஸுக்குத் துறையிலிருந்து வாளைமீன் வரும். துறைக் கோயில் திருவிழாவுக்கு இங்கிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போகும். ஜோஸ்பின் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் சூசையண்ணன்தான் நின்றார். போட்டோக்காரன், "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது, அவர் யோசித்து, "ரெத்த சொந்தம்" என்றார். அவன் அப்படியே நம்பிக்கொண்டான்.

உபதேசியார் இப்போது இல்லை. டாக்டரம்மா இல்லை. சூசையண்ணனை ஓர் ஆடி மாதம் கடல் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ காலமாகிறது. அயனி மரங்களை வெட்டி ரப்பர் வைத்தார்கள். தின்ன ஒன்றுமில்லாமல் வீடுகளுக்குள் புகுந்த குரங்குகளைக் கூண்டில் பிடித்து லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய் விட்டார்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது நாகர்கோயிலில் ஒரு பெரிய ரத்த வங்கியில். எல்லாம் மெஷின். எந்த குரூப் கேட்டாலும், கேட்ட மாத்திரத்தில் இல்லாவிட்டாலும் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். யாரும் கரையில் நின்று கடலைப் பார்க்க வேண்டியதில்லை. அது நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் ஓர் இளந்தகப்பன் வந்தான். பிறந்த பிள்ளைக்கு நெகட்டிவ் ரத்தம். பையை வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டு கேட்டான்: "இது ஆரு குடுத்ததுன்னு தெரியுமா அக்கா?"

திருப்பிப் பார்த்தேன். ஒரு நம்பரும் தேதியும் மட்டும்தான்.

"தெரியாது மக்கா" என்றேன்.

 அவன், யாரைப் பார்த்துக் கும்பிடுவதென்று தெரியாமல், அந்தப் பையைப் பார்த்தே கும்பிட்டுவிட்டு ஓடினான்.